ஒலிபெருக்கி தாங்கும் அளவு

நெடுவழிப் பயணத்தில் இசையைத் துணையாகக் கொள்வோர் பலர். மேடேறும் வண்டியின் இரைச்சலை வெல்லும் பொருட்டு ஒருவர் ஒலியைக் கூட்டுவார். இன்னுஞ் சிறிது கூட்டுமாறு மற்றொருவர் வேண்டுவார். சிறிது நேரத்திற் குரல் கரகரக்கும். கருகிய நாற்றம் எழும். பிறகு ஒரு பக்கத்து ஒலிபெருக்கி ஊமையாகிவிடும். மட்டமான பொருளை விற்றுவிட்டார் என்று கடைக்காரர்மேற் பழி போடுவது எளிது. பெரும்பாலும் குற்றம் பொருளில் இல்லை. அதனுட் செலுத்திய மின்திறனின் அளவில் இருக்கிறது.

ஸ்பீக்கர் எனக் கடைகளில் வழங்கும் ஒலிபெருக்கியின் அமைப்பு எளியது. வலிய காந்தம் ஒன்றின் இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று நிற்கிறது. அச்சுருளோடு ஒரு கூம்பு ஒட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்கப் பொறியியலாளர்களாகிய செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் ஆகிய இருவரும் 1925-ஆம் ஆண்டில் வெளியிட்ட அமைப்பே சிற்சில மாறுதல்களுடன் இன்றும் வழங்குகிறது. ஆம்ப்ளிபயரிலிருந்து வரும் மாறுமின்னோட்டம் சுருளிற் பாயுங்கால், சுருள் முன்னும் பின்னும் அசைகிறது, கூம்பு காற்றை உந்துகிறது, ஒலி பிறக்கிறது. வியப்பு யாதெனில், உட்புகும் திறனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே ஒலியாகிறது. எஞ்சியது பெரும்பாலும் சுருளிலேயே வெப்பமாகிறது. 100 வாட் குண்டு விளக்கைத் தொட்டுக் கைசுட்டுக்கொண்டவர்களுக்கு அவ்வெப்பத்தின் அளவு விளங்கும். வெப்பம் மிகுந்தாற் பசை இளகும். கம்பியின் மேற்பூச்சுக் கருகும். முடிவிற் கம்பியே அறும்.

ஆதலின் ஒவ்வோர் ஒலிபெருக்கியும் எத்தனை வாட் தாங்கும் என்பதை அதனைச் செய்வோர் குறிக்கின்றனர். அக்குறிப்பில் இரண்டு எண்கள் காணப்படும். ‘பீக்’ அல்லது ‘மேக்ஸ்’ என்னும் பெரிய எண், கணநேரத் தாக்குதலை மட்டும் குறிப்பது. விலை கூறுவோர் விரும்பும் எண்ணும் அதுவே. ‘ஆர்.எம்.எஸ்.’ என்னும் சிறிய எண்ணே இடைவிடாது தாங்கும் திறனைக் காட்டுவது. கணக்கிற் கொள்ளவேண்டியது சிறிய எண்ணே.

சிறிய ஆம்ப்ளிபயரால் தீங்கு நேராது என்று எண்ணுவோரும் உளர். அது பிழை. ஓடும் காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். அதனை உயர்த்தும் கருவி இல்லாத சாதாரண இசைப்பெட்டி, அந்த 14 வோல்ட்டுக்கு மேல் அலையின் முடியை உயர்த்த இயலாது. அத்தகைய அலையின் பயன்தரு அளவு 10 வோல்ட். 4 ஓம் ஒலிபெருக்கியில் அது 25 வாட் ஆகும். இழப்புகள் போக, ஏறத்தாழ 20 வாட் கிடைக்கலாம். பெட்டியின்மேல் 50 என்று அச்சிட்டிருந்தாலும் அவ்வளவே. அதற்கு மேலும் ஒலியைக் கூட்டினால், அலையின் முடி கத்தியால் அரிந்தாற்போல் தட்டையாகிறது. முற்றும் தட்டையாகிய அலை, அதே உயரமுள்ள சீரான அலையினும் இருமடங்கு திறனைச் சுருளில் இறக்கும். இசைக்கு இயல்பாக உள்ள ஓய்வுகளும் மறைகின்றன. சுருளுக்கு ஆறும் நேரமே இல்லை. மேலும், இவ்வாறு சிதைந்த அலையிற் புதிதாகத் தோன்றும் உச்சத்தொனிகள், மயிரிழை போன்ற கம்பியுடைய சிறு ‘ட்வீட்டரை’ச் சென்று தாக்குகின்றன. முதலிற் சாவது பெரும்பாலும் அதுவே. பெரிய ஆம்ப்ளிபயரை அடக்கி நடத்துவது, சிறியதை அலற விடுவதினும் நன்று.

அடக்கி நடத்துவதற்கு ஒரு கணக்கு உண்டு. திறனை மின்தடையாற் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், வேண்டிய மின்னழுத்தம் கிடைக்கும். ஒலிபெருக்கி 100 வாட், 4 ஓம் என்க. பெருக்குத்தொகை 400; அதன் வர்க்கமூலம் 20. ஆம்ப்ளிபயரின் முனைகளில் 20 வோல்ட்டுக்கு மேற்படாமற் காத்தல் வேண்டும். ஆம்ப்ளிபயரின் திறன் ஒலிபெருக்கியினதைவிடக் குறைவாயின், ஆம்ப்ளிபயரின் எண்ணையே கணக்கிற் கொள்ளவேண்டும்.

வினைஞர் முதலில் ஒலிபெருக்கியின் கம்பிகளைக் கழற்றிவிடுகிறார். இசைப்பெட்டியின் ஒலியளவை முக்காற்பங்கில் நிறுத்துகிறார். தாழ்தொனி, உயர்தொனித் திருகுகளை நடுவில் வைக்கிறார். பின்னர், வினாடிக்கு 1000 அதிர்வுடைய சோதனை ஒலியைச் செலுத்தி, மல்டிமீட்டரை மாறுமின் அளவில் வைத்து முனைகளிற் பொருத்துகிறார். தாழ்தொனிப் பெட்டிக்காயின் 50 அதிர்வு தகும். அடியில் இருக்கும் ‘கெயின்’ திருகை மெல்ல மெல்ல உயர்த்துகிறார். முள் குறித்த எண்ணைத் தொட்டதும் கை நிற்கிறது. அலையின் முடி வெட்டுண்டதா என்பதை மல்டிமீட்டர் காட்டாது. அதற்கு ஆஸிலாஸ்கோப் வேண்டும். அஃதில்லாத வினைஞர் சிறிது முன்னதாகவே, 18 வோல்ட்டில், நிறுத்திக்கொள்கிறார். அப்பொழுது திறன் 81 வாட். 19 வாட் குறைந்தும், ஒலியிற் குறைவது ஒரு டெசிபெல்லுக்கும் உட்பட்டதே; பயணம் செய்வோர் செவிக்கு அது புலப்படுதல் அரிது.