தொழில் பாடம்: டிரைவர் வேலைக்குக் கிளம்பும் பிள்ளைக்கு



பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது, கொழுந்து நிறுத்து முடிந்து திரும்பி வந்த ஒரு அம்மா என்னை நிறுத்திக் கேட்டார். "ஐயா, பேரு பதிஞ்சு 31 வருசமாச்சு. வார வருசம் வேலையில இருந்து நிக்கப்போறேன். ஈ.பி.எப். காசும் சர்வீஸ் காசும் வரும். மகன் அந்தக் காசுல த்ரீவீல் எடுத்துக் குடுன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். குடுக்கலாமா, வேணாமா?"

மகனுக்கு 19 வயது. லைசன் எடுத்து நாலு மாதம். அவன் லயத்து வாசலில் நின்று நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவசரப்பட்டு ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 31 வருடத்து உழைப்பு அது. ஆகவே அன்று அவர்களோடு உட்கார்ந்து பேசியதையே இங்கே பாடமாக எழுதுகிறேன். நான் ஆறு வருடம் கொழுந்து லொறியில் கிளீனராக இருந்து, பிறகு அதே லொறியை ஓட்டியவன். அந்த உரிமையில் சில இடங்களில் கொஞ்சம் கண்டிப்பாகவும் சொல்வேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் லைசன். 18 வயதானதும் சின்ன வாகனங்களுக்கு விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழ் ஆகியவை வேண்டும். பிறகு எழுத்துப் பரீட்சை. இதைத் தமிழிலேயே எழுதலாம். "சிங்களம் தெரியாது, எப்படிப் போறது" என்று எவரும் பின்வாங்க வேண்டாம். அதில் சித்தியடைந்து, எல் போர்ட் போட்டுப் பழகி, ஓட்டிக் காட்டி லைசன் எடுக்க வேண்டும். நம்முடைய பிள்ளைகள் பலர் பரீட்சையில் தடுமாறுவதில்லை, பத்திரத்தில்தான் தடுமாறுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், அப்பாவின் பெயரில் ஓர் எழுத்துக் கூட அல்லது குறைய. இதைத் திருத்த மாதக்கணக்கில் போகும். 18 வயது ஆகட்டும் என்று காத்திராமல், பிள்ளை பள்ளிக்கூடம் விடும்போதே பார்த்துத் திருத்தி வையுங்கள்.

லைசன் எடுத்துவிட்டால் எல்லா வாகனமும் ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அட்டையில் எழுத்துக்கள் இருக்கின்றன. பி1 என்றால் முச்சக்கர வண்டி. பி என்றால் கார், வேன். சி1, சி லொறிகளுக்கு. டி1, டி பஸ்களுக்கு. ஜி ட்ராக்டருக்கு. எந்த எழுத்து இருக்கிறதோ அந்த வாகனம்தான். "சும்மா ஸ்டோர் வரைக்கும் கொண்டுபோய் விடு தம்பி" என்று யாராவது லொறிச் சாவியைக் கையில் கொடுத்தால், விபத்து நடக்கிற அன்றைக்கு இன்சூரன்ஸ் காசு கொடுக்காது, சாவி கொடுத்தவரும் பக்கத்தில் நிற்கமாட்டார். பெரிய வாகனத்து லைசனுக்குப் போகிறவர்கள் முதலில் சின்ன வாகனம் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். இன்று பி எடுக்கும் பிள்ளைக்கு அதுதான் ஏணியின் முதல் படி. ஓட்டோமெட்டிக் வண்டியில் மட்டும் பழகி நின்றுவிட வேண்டாம். தோட்டத்து லொறிக்கும் மரக்கறி லொறிக்கும் கியர் போடத் தெரிந்த கைதான் வேண்டும்.

இனி மலை இறக்கம். பாடத்தில் இதற்குத்தான் நான் அதிக இடம் கொடுக்கிறேன். லேர்னர்ஸ் பள்ளிகளில் டவுன் வீதியில் சுற்றிக் காட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். பிழைப்போ கினிகத்தேனை, றம்பொடை, பெரகலை இறக்கங்களில்.

பிரேக் என்பது வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற சாமான். இறக்கம் முழுவதும் காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தால் டிரம்மும் லைனிங்கும் கொதித்துப் போகும். முதலில் கருகல் வாசம் வரும். அடுத்தது, மிதித்தாலும் பிடிக்காது. அப்போது கியரைக் குறைக்கப் பார்த்தால், வேகம் கூடியிருப்பதால் கியர் விழாது. ஆகவே பழைய டிரைவர்மார் சொல்கிற கணக்கு இதுதான்: ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே அந்தக் கியருக்கு வந்துவிட வேண்டும். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை இடையிடையே மிதித்து விட்டால் போதும். கருகல் வாசம் வந்தால் வெட்கப்படாமல் ஓரத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குவதும், என்ஜினை நிறுத்திவிட்டு உருட்டுவதும் சிலருக்குப் பெருமை. என்ஜின் நின்றால் எயார் பிரேக்குக்குக் காற்று ஏறாது, பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும். மிச்சம் பிடித்தது இரண்டு லீட்டர் டீசல்.

இது பயமுறுத்தும் பேச்சு அல்ல. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி அதிகாலை, றம்பொடை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதே வருடம் செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் 15 பேர். இவையெல்லாம் நம்முடைய வீதிகள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டு வீதிகள் பல இடங்களில் சரிந்ததையும் பார்த்தோம். மழைக்காலத்தில் எதிரே வருகிற பஸ்சுக்கு இடம் கொடுக்கப் போய், ஓரத்து மண்ணை நம்பி சில்லை இறக்காதீர்கள். நின்று, முடிந்தால் பின்னுக்கு எடுத்து இடம் கொடுங்கள். மிஸ்ட் விழுந்தால் லைட்டைத் தாழ்த்துங்கள். உயர்த்தினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

சரி, எந்த வேலைக்குப் போவது?

த்ரீவீல் கணக்கை அந்த அம்மாவின் வாசலிலேயே போட்டுப் பார்த்தோம். இது ஒரு உதாரணம்தான். உங்கள் ஊர்க் கணக்கை நீங்கள் போடுங்கள். ஒரு நாள் ஹயர் 3,500 ரூபா என்று வைப்போம். பெற்றோல் 1,200 போக 2,300. மாதம் 25 நாள் ஓடினால் 57,500. லீசிங் 32,000 கட்டினால் மிச்சம் 25,500. டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம் எல்லாவற்றுக்கும் மாதம் 6,000 ஒதுக்கினால் கையில் 19,500. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்து 6 நாள் ஓடாமல் விட்டால் 13,800 குறையும். அப்போது கையில் 5,700. லீசிங்காரர் காய்ச்சலைக் கேட்கமாட்டார்.

"லீசிங் வேணாம், மொத்தக் காசும் கட்டி எடுப்போம்" என்றான் மகன். அப்போது மாதக் கட்டு இல்லை, உண்மைதான். ஆனால் அம்மாவின் முதுமைக் காசு முழுவதும் ஒரே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடும். ஓட்டப் பழகி நாலு மாதமான பிள்ளை முதல் வருடம் இரண்டு மூன்று இடத்தில் இடிக்கத்தான் செய்வான். நானும் இடித்தேன். அந்தப் பழக்கத்தை அம்மாவின் காசில் பழகாமல், அடுத்தவர் வண்டியில் பழகு என்று சொன்னால் முதலாளிமார் என்னைக் கோபிப்பார்கள். ஒரு பெரிய டிரைவர் பக்கத்தில் இருக்கும்போது பழகு என்று சொல்கிறேன்.

கிளீனராகப் போவதைப் பிள்ளைகள் குறைவாக நினைக்கிறார்கள். டயர் மாற்றுவது, எண்ணெய் பார்ப்பது, லோட் எப்படி அடுக்கினால் வளைவில் சாயாது என்பது, பெலியகொடை மெனிங் சந்தையிலும் தம்புள்ளையிலும் யாரிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் லேர்னர்ஸில் கிடையாது. சம்பளம் குறைவு. தூக்கம் கெடும். ஆனால் ஒன்றிரண்டு வருடத்தில் சி1 எடுக்கப் போகும்போது கை நடுங்காது.

தோட்டத்திலேயே லொறி, ட்ராக்டர் வேலை கிடைத்தால் நல்லது. வீட்டுச் சோறு, ஈ.பி.எப். இரண்டும் இருக்கும். வெளியே எங்கே சேர்ந்தாலும் முதல் கேள்வி, நியமனக் கடிதம் உண்டா, ஈ.பி.எப். கட்டுவார்களா என்பதாக இருக்கட்டும். நம் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், அதற்கு மேல் ஈ.ரி.எப். 3 வீதமும் முதலாளியே. "நாள் காசு கூடத் தாரேன், அதெல்லாம் எதுக்கு" என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் கூடுதல் காசையும் இந்த 15 வீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இ.போ.ச. டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பத்திரிகையில் விளம்பரம் வரும். பஸ் லைசன் இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது. பெக்கோ ஓட்டுவது தனித் தொழில், அதற்கு முறையான பயிற்சியும் என்.வி.கியூ. சான்றிதழும் எடுத்து வைத்தால் வெளியூரிலும் கேட்பார்கள்.

வெளிநாட்டு வீட்டு டிரைவர் வேலைக்கும் பலர் ஆசைப்படுகிறார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல், விசிட் விசாவில் ஏறாதீர்கள். ஏஜென்சிக்கு அனுமதி இருக்கிறதா என்று பணியகத்திலேயே கேளுங்கள். கடவுச்சீட்டைக் கொடுக்கும் முன், காசைக் கொடுக்கும் முன்.

அந்த அம்மா அன்று எதுவும் சொல்லவில்லை. மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அடுத்த முறை நான் போனபோது அவன் வீட்டில் இல்லை. நுவரெலியாவில் இருந்து தம்புள்ளைக்குக் கோவா ஏற்றும் லொறியில் கிளீனராகச் சேர்ந்திருந்தான். "ராத்திரி ரெண்டு மணிக்கு வாரான் ஐயா, கையெல்லாம் கிரீஸ்" என்றார் அம்மா. ஈ.பி.எப். காசு இன்னும் வரவில்லை. வந்தால் முதலில் வங்கியில் போடுவதாகவும், த்ரீவீல் பேச்சை இரண்டு வருடம் கழித்துப் பேசுவோம் என்று மகனிடம் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். மகன் அதற்கு இன்னும் சரி என்று சொல்லவில்லையாம்.