வெயிலில் வியர்க்காத லிப்ஸ்டிக்

சித்திரை, வைகாசி மதியங்களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வெயில் நாற்பது டிகிரியை ஒட்டி நிற்கும். பைபாஸ் ரோட்டில் நிறுத்திய ஸ்கூட்டியின் சீட்டுக்கடியில் அதைவிடக் கூடுதல். குளிர்தேசத்து லிப்ஸ்டிக் செய்முறையை எழுத்துப் பிசகாமல் இங்கே செய்துபார்ப்பவர்களுக்கு வரும் முதல் தொல்லை இதனால்தான்: குச்சியின் மேல் முத்து முத்தாக எண்ணெய் துளிர்க்கும். உடனே மெழுகைக் கூட்டுவார்கள். வியர்ப்பது குறையும்; ஆனால் உதட்டில் தேய்த்தால் இழுக்கும், நிறம் ஏறாது. மெழுகை அளவோடு நிறுத்திக்கொண்டு, எண்ணெயைப் பிடித்துவைக்கும் ஜெல் பொருளைக் கொஞ்சமாகச் சேர்ப்பதே சரியான வழி.

திருநெல்வேலிக்காரருக்கு இதை விளக்க அல்வா போதும். கோதுமைப் பாலின் மாவுச்சத்து இறுகி வலையாகி நெய்யைத் தாங்கும். தாங்க முடியாத நெய்யை வெளியே கக்கும். அல்வாவுக்கு அது பதம். லிப்ஸ்டிக்குக்கு அதுவே நோய்.

முதலில் எதை வாங்கக் கூடாது என்று பார்த்துவிடலாம். கடல்பாசி, ஜெலட்டின், சாந்தன் கம், கார்போமர் எல்லாம் தண்ணீரை இறுக்குபவை. லிப்ஸ்டிக்கில் தண்ணீர் கிடையாது. இவற்றை எண்ணெயில் போட்டால் மணலாக அடியில் தங்கும். ‘ஜெல்’ என்ற பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

எண்ணெயை இறுக்குபவை வேறு. எத்தில் செல்லுலோஸ் விளக்கெண்ணெயில் நன்றாகக் கரையும். ஆனால் 130 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும், கொதிநீர்ப் பாத்திரத்தில் அது நடக்காது. மிக நுண்ணிய சிலிக்கா, தாது எண்ணெயில் காட்டும் வேகத்தை விளக்கெண்ணெயில் காட்டாது. சிறிய அளவில் செய்பவருக்கு என் சிபாரிசு 12-ஹைட்ராக்ஸி ஸ்டியரிக் அமிலம். ஆமணக்கு எண்ணெயை ஹைட்ரஜனேற்றம் செய்து எடுப்பது இது. வெள்ளைச் செதிலாகவோ தூளாகவோ கிடைக்கும். ஆமணக்கில் உலகிலேயே முன்னணி இந்தியா, அதிலும் பெரும்பகுதி குஜராத் என்பதால் சரக்குக்கு அலைய வேண்டியதில்லை. உருகி ஆறும்போது இது மெல்லிய இழைகளாகப் பின்னி, இடையில் எண்ணெயைச் சிறைப்பிடிக்கும். கேன்டலில்லா மெழுகும் ஓரளவு இதே வேலையைச் செய்வதால் இரண்டும் ஒத்துப்போகும்.

100 கிராமுக்குத் தொடக்க அளவு இது. அழகுசாதனத் தர விளக்கெண்ணெய் 50, எம்.சி.டி. எண்ணெய் 18, கேன்டலில்லா 8, தேன்மெழுகு 6, கார்னோபா 3, 12-ஹைட்ராக்ஸி ஸ்டியரிக் அமிலம் 2, நிறமி 12, வைட்டமின் ஈ அரை, வாசனை அரை கிராம். செக்கில் ஆட்டிய விளக்கெண்ணெய் வேண்டாம். அதன் வாடை எந்த வாசனைக்கும் அடங்காது. தேன்மெழுகுக்குத் தேனீ வளர்ப்பில் பேர்பெற்ற மார்த்தாண்டம் பக்கத்திலேயே இருக்கிறது; வடிகட்டிச் சுத்தம் செய்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

நிறமியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். அயர்ன் ஆக்சைடு என்றால் அழகுசாதனத் தரத்தில் வாங்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் தரைக்கு விற்கும் ரெட் ஆக்சைடு உதட்டுக்கு ஆகாது. துணிச்சாயமும் கூடாது. கேக்குக்குப் போடும் நீரில் கரையும் கலர் எண்ணெயில் கலக்காமல் புள்ளி புள்ளியாக நிற்கும்.

12 கிராம் நிறமியை 24 கிராம் விளக்கெண்ணெயோடு சேர்த்து முதலில் அரையுங்கள். கண்ணாடிப் பலகையும் தட்டையான கண்ணாடிக் குழவியும் போதும். இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்தால் நெருடக் கூடாது. பலரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான்; இங்கே விட்ட கட்டியைப் பின்னால் எந்தச் சூடும் கரைக்காது.

மீதி விளக்கெண்ணெய், எம்.சி.டி., மூன்று மெழுகுகள், ஜெல் பொருள் எல்லாவற்றையும் எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, கொதிநீரில் வைத்து 85 முதல் 90 டிகிரி வரை சூடாக்குங்கள். கார்னோபா உருகவே 82 டிகிரிக்கு மேல் வேண்டும். வெளிப் பாத்திரத்தின் ஆவி உள்ளே சொட்டக் கூடாது. கலவை கண்ணாடியாகத் தெளிந்த பிறகும் சில நிமிடங்கள் அதே சூட்டில் வையுங்கள். உருகாத ஒரு துணுக்கு மிஞ்சினாலும் குச்சி திரிதிரியாக வரும். பிறகு அரைத்த நிறமியைச் சேர்த்து, நுரை கட்டாமல் மெதுவாகக் கிண்டுங்கள். வைட்டமினும் வாசனையும் கடைசியில்.

ஊற்றும் சூடு 75 முதல் 80. மோல்டைக் கை பொறுக்கும் அளவுக்கு வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த மோல்டில் ஊற்றினால் குச்சியில் வரி விழும். இறுகத் தொடங்கிவிட்டால் கிண்டவே கூடாது. பின்னிக்கொண்டிருக்கும் இழை அறுந்தால் தானாக ஒட்டாது. ஆனால் சரக்கு வீணில்லை. மறுபடி முழுதாக உருக்கினால் வலை புதிதாகக் கட்டும். ஊற்றியதும் ஃப்ரிட்ஜில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். வேகமாக ஆறினால் படிகம் பொடியாக விழுந்து மேல்பரப்பு வழவழப்பாகும். நம் ஊர் அறைச்சூட்டில் தானாக ஆறவிட்டால் படிகம் பெருத்து எண்ணெய் பிரியும்.

மறுநாள் சோதனை. குச்சியை நிமிர்த்தி 45 டிகிரி சூட்டில் ஒரு நாள் வையுங்கள். துளிர்த்தால் ஜெல் பொருளை அரை கிராம் கூட்டி, விளக்கெண்ணெயில் அதே அரை கிராமைக் குறையுங்கள். உதட்டில் இழுத்தால் முதலில் கார்னோபாவைக் குறையுங்கள். சட்டென்று முறிந்தால் ஜெல் பொருள் மிஞ்சியிருக்கலாம்; அதைக் குறைத்துத் தேன்மெழுகைச் சற்றுக் கூட்டுங்கள். ஒரு தடவைக்கு இவற்றில் ஒரு திருத்தத்தை மட்டும் செய்யுங்கள். பிறகு ஃப்ரிட்ஜிலும் வெயிலிலும் மாற்றி மாற்றி ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். முதல் நாள் நன்றாக நின்ற குச்சி நாலாம் நாள் வியர்ப்பதுண்டு.

இவ்வளவும் சொந்த உபயோகத்துக்கு. பக்கத்து பியூட்டி பார்லருக்கு நாலு குச்சி கொடுத்துக் காசு வாங்குவதானாலும் 2020-ம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி மாநில உரிமம் வேண்டும். லிப்ஸ்டிக்குக்கு ஐ.எஸ். 9875 என்ற இந்தியத் தர அளவு இருக்கிறது. நிறமியில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கையும் ஆர்சனிக் 2 பங்கையும் தாண்டக் கூடாது. நிறமி வாங்கும்போதே சோதனைச் சான்றைக் கேளுங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.