சி.டி. தகட்டிலுள்ள போட்டோப் படங்களைக் கம்ப்யூட்டரில் பிரதி செய்யும் முறை

வெள்ளத்தில் சாய்ந்த பயிர், உடைந்த ஏரிக்கரை முதலியவற்றின் போட்டோப் படங்களைத் தகட்டில் பதித்துப் பீரோவில் வைத்திருக்கும் மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும் அநேகர். தகடு சாசுவதமன்று. வீட்டிலோ கடையிலோ பதியும் தகட்டிலுள்ள சாயம் வெயிலாலும் உஷ்ணத்தாலும் வெளிறும். பின்னர் அப்படங்களை மீட்பது அரிது. ஆகையால் தகடு நல்ல நிலையிலிருக்கும்போதே கம்ப்யூட்டரில் பிரதி எடுத்துக்கொள்ளல் அவசியம்.

தகட்டை ஓரத்தில் பிடித்து, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்கவும், வட்டமாய்த் துடைக்கலாகாது. பெயர் எழுதும் மேற்புறத்தில் விழும் கீறலே அதிக நஷ்டம் விளைப்பது; பதிவு அப்பூச்சின் அடியிலேயே உள்ளது. (நம்மவர் அடிப்புறத்தை மட்டுமே காப்பாற்றுகின்றனர்!) தற்கால மடிக்கணினிகள் பலவற்றில் தகடு செருகும் இடமில்லை, யு.எஸ்.பி. வழியாய் இணைக்கும் தனி டிரைவை உபயோகிக்கலாம்.

தகட்டைச் செருகி, விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதன் அடையாளத்தைத் திறந்தால் படங்கள் தோன்றும். கண்ட்ரோல் விசையை அழுத்தியவாறு 'ஏ' விசையைத் தட்டினால் யாவும் தேர்வாகும். அவ்விதமே 'சி' தட்டுக. பின்னர் வருஷத்தையும் சர்வே நம்பரையும் பெயராக இட்டுப் புதிய ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி, அதைத் திறந்து, கண்ட்ரோலுடன் 'வி' தட்டுக. 700 மெகாபைட் நிறைந்த தகட்டுக்குச் சில நிமிஷங்கள் செல்லும். அதுவரை தகட்டை எடுக்கலாகாது.

சிலர் ஷார்ட்கட் குறியை மட்டும் உண்டாக்கிவிட்டு, படங்களே வந்துவிட்டனவென்று திருப்தியடைகின்றனர். ஆகவே தகட்டை வெளியே எடுத்தபின் இரண்டொரு படங்களைத் திறந்து பார்க்கவும். படங்களின் தொகை தகட்டிலிருந்தபடியே உளதாவென்றும் ஒப்பிடுக. நஷ்டஈடு சம்பந்தமான படங்களாயின் பென் டிரைவில் மற்றொரு பிரதியும் வைத்துக்கொள்வது உத்தமம்.