ஆணியில்லா விளக்குக்கூடு

ஜப்பானில் எடோ காலத்து வீடுகளில் இருந்த ‘அண்டோன்’ விளக்கு, மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டியது. உள்ளே எண்ணெய்த் திரி எரியும். அதன் மெல்லிய குறுக்குச் சட்டங்கள் ஆணியின்றிப் பொருந்தும். சந்திக்குமிடத்தில் ஒன்றில் மேற்பாதியையும் மற்றதில் கீழ்ப்பாதியையும் வெட்டுவார்கள்; வெட்டின் அகலம் எதிர்ச்சட்டத்தின் தடிமன் அளவே.

இதையே எட்டாம் வகுப்பில் தடித்த அட்டையில் செய்யவைத்தேன். பட்டையின் அகலம் 20 மி.மீ., வெட்டின் ஆழம் 10 மி.மீ. இரண்டிலும் 9 மி.மீ. மட்டும் வெட்டினால் 2 மி.மீ. துருத்தும், வெட்டு அகன்றுவிட்டால் கூடு ஆடும். “சரியா சார்?” என்று நோட்டை நீட்டும் பிள்ளைகள், அன்று பொருத்திப் பார்த்துத் தாங்களே திருத்தினார்கள். கணக்கென்றால் ஒதுங்கும் ஒரு மாணவி, தடிமனை இருமுறை அளந்தபிறகே கத்தரியை எடுத்தாள்.

உள்ளே சிறு எல்.இ.டி. போதும், மெழுகுவத்தி வேண்டாம்.