மழைக்காலமும் இறகு உதிர்க்கும் கோழியும்

எங்கள் வானகரத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பெருகிவிட்டாலும், கொல்லையில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகள் இன்னும் உண்டு. முட்டை விற்ற காசு அவ்வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுப் பணம். ஐப்பசியில் மழை பிடித்ததும் சில கோழிகள் கழுத்திலும் முதுகிலும் இறகு கொட்டி, முட்டையிடுவதையும் நிறுத்திவிடும். 'சீக்கு வந்துவிட்டது' என்று அஞ்சி, வந்த விலைக்கு விற்றுவிடுவோர் பலர். விலங்கியல் மாணவன் என்பதால் என்னிடம் இதுபற்றிக் கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்னவற்றையே இங்குத் தொகுத்துத் தருகிறேன்.

இறகு ஏன் உதிர்கிறது?

பாம்பு சட்டை உரிப்பதுபோல், ஒரு வயது கடந்த கோழி பழைய இறகைக் களைந்து புதியது பூணுகிறது. பகற்பொழுது குறைவதே இதற்கு முதன்மையான தூண்டுதல். 13 பாகை வட அட்சரேகையை ஒட்டிய சென்னையில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. ஆதலால் குளிர்நாடுகளைப்போல் இங்கு எல்லாக் கோழிகளும் ஒருசேர உதிர்ப்பதில்லை. அடைகாத்த களைப்பும் தீவனக் குறைவும்கூட இதற்குக் காரணமாகலாம். தலை, கழுத்து, மார்பு, உடல், இறக்கை, வால் என்ற வரிசையில் உதிர்ந்து, புதிய இறகு நிறைய 8 முதல் 12 வாரம் ஆகும்.

நோயா, இயல்பா?

வெற்றிடத்தில் முள்போல் இளஇறகு முளைத்திருந்து, கோழி தீனி தின்று, கண் தெளிவாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. இறக்கையடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பேன் ஊர்ந்தால் அதற்குத் தனி மருந்து வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்து திருகினால் அது இராணிக்கெட் என்னும் வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். உடனே அக்கோழியைப் பிரித்து வைத்துக் கால்நடை மருத்துவரை நாடுக. நோய் வந்தபின் தடுப்பூசி பயன்படாது. முன்னரே போட்டிருக்க வேண்டும்.

குளிரைவிட ஈரமே பகை

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். இறகுகளுக்கிடையே தங்கும் காற்றே அதைக் காக்கும் போர்வை. நம் ஊரில் மார்கழி இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகையை ஒட்டியே நிற்கும். உலர்ந்த கோழி அதைத் தாங்கிக்கொள்ளும். நனைந்த கோழியோ நடுங்கிப்போகும். எனவே சாரல் அடிக்கும் வடகிழக்குப் பக்கம் கோணிப்படுதா கட்டுக. ஆனால் கூண்டை முழுதும் மூடிவிடலாகாது. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். மேற்புறம் காற்றுப் போக வழி விடுக. தரையில் உமியோ கடலைத்தோலோ பரப்பி, ஈரமானதை அவ்வப்போது அள்ளி எறிக. இளஇறகின் தண்டில் இரத்தம் ஓடுவதால், கோழியைத் தேவையின்றிப் பிடிக்கலாகாது.

தீனியைக் குறைக்கலாமா?

'முட்டையில்லாத கோழிக்குத் தீனி எதற்கு?' என்பது பலர் கேட்கும் கேள்வி. இறகில் ஏறத்தாழ 85 சதவிகிதம் புரதம். முட்டைக்குப் போன சத்து இப்போது இறகுக்குப் போகிறது. உடலைச் சூடாக வைக்கவும் கூடுதல் தீனி வேண்டும். ஆகவே குருணை மட்டும் போதாது. கடலைப்புண்ணாக்கு, கரையான், வேகவைத்த மீன்கழிவு ஆகியவற்றைச் சேர்க்கலாம். மீன் அங்காடி உள்ள எங்கள் ஊரில் மீன்கழிவுக்குப் பஞ்சமில்லை. உப்புக் கருவாடு மட்டும் கூடாது. உப்பு மிகுந்தால் கோழிக்கு நஞ்சாகும். மழையில் பூசணம் பிடித்த புண்ணாக்கையும் தவிர்க்க. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்குக் காரணம் கடலைப்புண்ணாக்கில் வளர்ந்த பூசண நஞ்சே.

பெரிய பண்ணைகளில் கோழிகளைப் பட்டினி போட்டு, ஒரே சமயத்தில் இறகு உதிர்க்கச் செய்யும் வழக்கம் இருந்தது. சென்னையில் அப்போது தலைமையகம் கொண்டிருந்த இந்திய விலங்குகள் நல வாரியம், 2011இல் இதை 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திற்கு மாறான கொடுமை என அறிவித்தது. சட்டம் கடியும் பட்டினியை நாம் அறியாமல் கொல்லையில் செய்யலாகாது.

ஐப்பசியில் அரைவிலைக்குப் போகும் கோழி, பொறுத்திருந்தால் தையில் புதிய இறகோடு மீண்டும் முட்டையிடக்கூடும். அதுவரை அதற்கு வேண்டியவை உலர்ந்த இடமும் வயிறார உணவும் நம் பொறுமையுமே.