கேம் டேபிளுக்கு ரேட் சொல்லும் முன்

கோவில்பட்டி பார்சல் ஆபீஸிலிருந்து போன் வரும். “அண்ணாச்சி, இளையரசனேந்தலுக்கு ஒரு கேம் டேபிள் வந்து கிடக்கு. குட்டியானை வண்டி கொண்டு வாங்க. எவ்வளவு வாங்குவீங்க?”

இங்கேதான் நிறைய பேர் தவறுகிறார்கள். கேட்ட நிமிடமே ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் நாலு பேர் தூக்க வேண்டிய சரக்காக இருக்கும். பேசிய கூலி ரெண்டு பேருக்குக்கூடக் காணாது. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று அந்த ரெண்டு பேரே தூக்குவார்கள். அப்படித் தூக்கிக் கெட்ட இடுப்புகள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ. சொந்த வண்டி வைத்து லோடு ஓட்டும் தம்பிகளும், டெலிவரி வேலையில் புதிதாக இறங்குகிறவர்களும் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

முதலில், என்ன டேபிள் என்று கேளுங்கள். கேரம் போர்டையும் கேம் டேபிள் என்பார்கள், ஸ்னூக்கர் மேசையையும் கேம் டேபிள் என்பார்கள். கேரம் போர்டை ஒரே ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம். டேபிள் டென்னிஸ் மேசை 2.74 மீட்டர் நீளம், 1.525 மீட்டர் அகலம். இரண்டு பாதியாக வரும். 25 மில்லிமீட்டர் பலகை என்றால் பலகை மட்டுமே 80 கிலோவை ஒட்டி இருக்கும். இரும்புக் காலும் சட்டமும் தனி. பாதிக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால் முடிந்துவிடும்.

பூல், பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் என்று சொன்னால் அடுத்த கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: “அடியில் பலகையா, கல்லா?”

பச்சைத் துணிக்கு அடியில் இருப்பதுதான் எடை. விலை குறைந்த மேசைகளில் எம்.டி.எஃப் பலகை போட்டிருப்பார்கள். நல்ல மேசை என்றால் ஸ்லேட் கல். பலகை ஈரத்தில் உப்பும், வளையும்; கல் வளையாது என்பதால்தான் இத்தனை பாரத்தையும் பொறுத்துக்கொண்டு கல்லைப் போடுகிறார்கள். இந்தக் கல்லின் எடையை யாரிடமும் கேட்காமல் நீங்களே கணக்குப் போடலாம். நீளம், அகலம், கனம் மூன்றையும் மீட்டரில் எழுதிப் பெருக்கி, 2,700-ஆல் பெருக்குங்கள். வருவது கிலோ.

எட்டடி பூல் டேபிளை எடுத்துக்கொள்வோம். கல் சுமார் 2.35 மீட்டர் நீளம், 1.23 மீட்டர் அகலம், ஒரு அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் கனம். பெருக்கினால் 195 கிலோ. இது பெரும்பாலும் மூன்று துண்டாக வரும். துண்டுக்கு 65 கிலோ. மரச்சட்டம், கால், குஷன் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 300 கிலோவைத் தாண்டும். முழு அளவு ஸ்னூக்கர் மேசை வேறு உலகம். ஆடும் பரப்பே 3.569 மீட்டருக்கு 1.778 மீட்டர். அதைவிடச் சற்றுப் பெரிதான கல் 45 மில்லிமீட்டர் கனம் என்றால் கல் மட்டும் 850 கிலோவை நெருங்கும். ஐந்து துண்டு, துண்டுக்கு 170 கிலோ. மொத்த மேசை ஒரு டன்னுக்கு மேல்.

ஆகவே “மொத்தம் எத்தனை கிலோ?” என்று கேட்பவருக்கு வண்டியைப் பற்றி மட்டும்தான் பதில் கிடைக்கிறது. குட்டியானை 750 கிலோ அளவுக்குத் தாங்கும், பூல் டேபிளை அது ஏற்றிவிடும். “எத்தனை துண்டு, அதில் கனமான துண்டு எத்தனை கிலோ?” என்று கேட்டால்தான் எத்தனை ஆள் வேண்டும் என்பது தெரியும். ரேட் அதில்தான் இருக்கிறது.

துண்டாகப் பிரியும் என்ற குணமே இந்த மேசை உலகம் சுற்ற உதவியது. ஸ்னூக்கர் பிறந்த கதையே நம் நாட்டுக் கதை. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி தொடங்கிய ஆட்டத்துக்கு விதிமுறை எழுதி மாட்டியது 1882-இல், உதகமண்டலம் கிளப்பில். அப்போது உதகைக்கு ரயில் கிடையாது. மேட்டுப்பாளையம் வரை 1873-இல் ரயில் வந்துவிட்டது. குன்னூரை எட்டியது 1899-இல், உதகையை 1908-இல். ரயில் வருமுன் மலை ஏறிய பாரம் பெரும்பாலும் மாட்டு வண்டியிலும் ஆள் தோளிலும்தான் ஏறியது. ஆடியவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கல்லைச் சுமந்து ஏற்றியவர் பெயர் எங்கும் இல்லை. உங்கள் வேலை அந்தப் பெயரில்லாதவர்களின் வேலை. அதனாலேயே இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி ஊருக்கு வருவோம். இளையரசனேந்தல் என்று எழுதினாலே முகவரியில் ஒரு சிக்கல் உண்டு. பழைய பத்திரங்களில் சங்கரன்கோவில் தாலுகா. பிறகு வருவாய்க் கணக்கில் இந்தக் குறுவட்டம் தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்ந்தது. ஊராட்சிகளோ குருவிகுளம் ஒன்றியத்தில் நின்றுவிட, நெடுங்காலம் ஊர் இரண்டு பக்கம் இழுபட்டது. ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவர் எந்த மாவட்டத்தைத் தட்டுகிறாரோ, பெட்டி அந்தப் பக்கம் போகும். 300 கிலோ சரக்கு சங்கரன்கோவில் கோடவுனில் இறங்கிவிட்டால் அதைத் திரும்ப ஏற்றி வரும் செலவு யார் தலையில் விழும்? வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: முகவரியில் “கோவில்பட்டி வழி” என்று சேர்க்கட்டும், ரசீதில் கோடவுன் டெலிவரியா, டோர் டெலிவரியா என்று பார்க்கட்டும். டோர் டெலிவரி என்றாலும் பெரிய லாரிக்காரர் தெரு முனையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். முனையிலிருந்து மேசை நிற்கும் அறை வரையுள்ள ஐம்பது அடிதான் உங்கள் பிழைப்பு.

அந்த ஐம்பது அடியை ரேட் பேசுவதற்கு முன் ஒருமுறை நடந்து பாருங்கள். போக முடியாவிட்டால் வீட்டுக்காரரைப் போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாசல் நிலையின் அகலம், திண்ணைப் படி எத்தனை, உள்ளே திரும்பும் இடத்தில் சுவர் இடிக்குமா, மாடி என்றால் படிக்கட்டு திரும்பும் இடத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது, எல்லாம் தெரிய வேண்டும். நான்கு பேர் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு மூன்றடி நிலைக்குள் ஒரே நேரத்தில் நுழைய முடியாது. முன்னால் இருவர், பின்னால் இருவர் என்று பிரியும்போது ஒரு கணம் பாரம் முழுவதும் ஒரு பக்கம் சாயும். விபத்து நடப்பது அந்தக் கணத்தில்தான்.

எனக்கு அது நடந்தது. ஒரு வீட்டில் பூல் டேபிளின் இரண்டாவது கல்லை உள்ளே கொண்டு போகிறோம். பெட்டியைப் பிரித்து, கல்லைத் தட்டுப் பிடிப்பதுபோல் படுக்கை வாட்டில் பிடித்திருந்தோம். நிலைப்படியில் முன்னால் போனவர் கால் ஏறியது, பின்னால் இருந்தவர் இன்னும் ஏறவில்லை. கல் நடுவில் ‘டக்’ என்றது. சத்தம் பெரிதாக இல்லை, ஓடு விரிசல் விட்டதுபோல. கீழே வைத்துத் துணியால் தூசியைத் துடைத்தபோது ஆணி ஓட்டையிலிருந்து ஓரம் வரை மயிரிழை போல ஒரு கோடு. அன்று என் கூலி போனது, மாற்றுக் கல்லுக்குக் கைக்காசும் போனது. ஸ்லேட் கல்லைக் குத்தாகத்தான் தூக்க வேண்டும், கண்ணாடியைப் போல. படுக்கை வாட்டில் தூக்கினால் அதன் பாரமே அதை நடுவில் முறித்துவிடலாம். இதை எனக்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் அந்தக் கல் தப்பித்திருக்கும். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். வண்டியில் வரும்போதும் கற்களுக்கு இடையே சாக்கு மடித்து வையுங்கள், கயிற்றைக் கல்லின் ஓரத்தில் நேராக இறுக்காதீர்கள்.

கொண்டு சேர்த்ததோடு வேலை முடிந்தது என்று கிளம்புகிறவருக்கு இறக்குக்கூலிதான் கிடைக்கும். மேசையைப் பொருத்தி மட்டம் பார்த்துக் கொடுக்கத் தெரிந்தவருக்கு வேறு கூலி. கற்பலகைத் துண்டுகளைச் சட்டத்தில் வைத்து, இணைப்புகளில் தேன்மெழுகு உருக்கி ஊற்றி, சுரண்டிச் சமப்படுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, பிறகுதான் துணி விரிக்க வேண்டும். கொத்தனார் கையில் இருக்கும் அதே ரசமட்டம்தான். கொஞ்சம் நீளமானதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் பகுதிக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. இது கரிசல் பூமி. ஐப்பசி கார்த்திகை மழையில் மண் உப்பும், சித்திரை வெயிலில் கை நுழையும் அளவு வெடிக்கும். அடித்தளம் ஆழமாக இல்லாத வீட்டில் தரையும் அதோடு ஏறி இறங்கும். பங்குனியில் மட்டம் பார்த்து வைத்த மேசையில் தை மாதம் பந்து தானாக ஒரு மூலைக்கு உருளும். வீட்டுக்காரர் உங்கள் வேலையைத்தான் குறை சொல்வார். அதனால் பொருத்தும் அன்றே சொல்லிவிடுங்கள்: மழை முடிந்ததும் ஒருமுறை வந்து மட்டம் சரிசெய்ய வேண்டும், அதற்குத் தனிக் கூலி. முன்னால் சொன்னால் அது நேர்மை, பின்னால் சொன்னால் சாக்கு. ஒரு வாடிக்கையாளரை வருடத்துக்கு ஒருமுறை உங்களிடம் திரும்பி வர வைக்கும் வேலையும் அதுதான்.

மாடியில் வைக்கச் சொன்னால் தயங்காமல் கேள்வி கேளுங்கள். குடியிருப்பு வீட்டுக் கான்கிரீட் தளத்துக்கு இந்தியத் தரக் குறியீட்டில் கணக்கிடும் பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு. எட்டடி பூல் டேபிள் அதற்குள் அடங்கும். முழு ஸ்னூக்கர் மேசையும் சுற்றி ஆட்களும் சேர்ந்தால் எல்லையை உரசும். இன்ஜினியர் பார்த்துச் சொல்லாமல் ஏற்றாதீர்கள். பழைய மரக்கட்டை மச்சு வீடு என்றால் பேச்சுக்கே இடமில்லை. முடியாது என்று சொல்லுங்கள்.

காகிதங்களையும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் நகரும் சரக்கின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். வெளி மாநிலத்திலிருந்து வந்தால் 50,000 ரூபாய்க்கே வேண்டும். பெட்டியை எடுக்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். மூலை நசுங்கியிருந்தால் ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு வரும் சண்டையில் அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

கடைசியாக உடம்பு. ஒரு ஆண் கையால் தூக்கிச் சுமக்க அதிகபட்சம் 55 கிலோ என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. நம் நாட்டு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் 34-ஆம் பிரிவில் காயம் உண்டாக்கும் அளவு பாரத்தை யாரையும் தூக்கச் சொல்லக்கூடாது என்றது. தெருவில் குட்டியானை நிறுத்தி இறக்கும் உங்களுக்கு மேற்பார்வையாளர் யாரும் இல்லை. அந்த 55-ஐ நீங்களேதான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 65 கிலோ கல்லுக்குக் குறைந்தது இரண்டு பேர், படி இருந்தால் மூன்று. 170 கிலோ கல்லுக்கு நான்கு பேருக்குக் குறைந்து கை வைக்காதீர்கள். ஆள் குறைந்தால் வேலையை மறுநாளுக்குத் தள்ளுங்கள். கல் கெட்டுப்போகாது.

தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே நல வாரியம் இருக்கிறது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். விபத்துக்கும், பிள்ளைகள் படிப்புக்கும், வயதான பின் ஓய்வூதியத்துக்கும் அதில் வழி உண்டு. நீங்களும் உங்களோடு தூக்க வரும் ஒவ்வொருவரும் அடுத்த லோடுக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.