அமெரிக்க கிளாக் ரேடியோவுக்கு மீண்டும் உயிர் கொடுப்போம்

அமெரிக்காவில் இருந்து உறவினர் கொண்டு வந்த பழைய கிளாக் ரேடியோ பரணில் கிடக்கிறதா? அவசரப்பட்டு பிளக்கில் சொருகி விடாதீர்கள். அடிப்புற லேபிளைப் பாருங்கள். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரடியாக இணைத்தால் உள்ளே உள்ள டிரான்ஸ்பார்மர் கருகி விடும்.

எலக்ட்ரிக்கல் கடையில் 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கேளுங்கள். 10 வாட்ஸ் ரேடியோவுக்கு 50 வாட்ஸ் டிரான்ஸ்பார்மர் தாராளம். ஹேர் டிரையருக்கென விற்கப்படும் எலக்ட்ரானிக் கன்வர்ட்டர் வேண்டாம்.

இப்போது ரேடியோ பாடும். ஆனால் கடிகாரம் தகராறு செய்யும். ஏன்? இந்த வகைக் கடிகாரங்கள் மின்சாரத்தின் 60 அலைகளை எண்ணி ஒரு நொடி என்று கொள்கின்றன. இங்கு நொடிக்கு 50 அலைகள்தான். டிரான்ஸ்பார்மர் இதனை மாற்றாது. எனவே மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும். இரவு 11 மணிக்கு நேரத்தைச் சரி செய்து, காலை 5 மணிக்கு அலாரம் வைத்தால் 6.12க்குத்தான் அடிக்கும். ரயில் போயிருக்கும்!

பின்புறத்திலோ பேட்டரி அறையிலோ 50/60 ஸ்விட்ச் இருக்கிறதா எனத் தேடுங்கள். இருந்தால் 50க்கு மாற்றுங்கள். இல்லையென்றால் உள்ளே உள்ள கிளாக் ஐ.சி. எண்ணைப் பாருங்கள். எல்.எம். 8560 போன்றவை இரண்டிலும் இயங்கும். போர்டில் இணைப்பை மாற்றினால் போதும். இதை ரேடியோ மெக்கானிக்கிடம் விட்டு விடுங்கள். மோட்டாரில் ஓடும் பழைய பிளிப் கிளாக் என்றால் மோட்டாரையோ பல்சக்கரத்தையோ மாற்ற வேண்டும். அது கிடைக்காவிட்டால் பாட்டு மட்டும் கேளுங்கள், அலாரத்தை நம்பாதீர்கள்.